திரும்பி வந்த லிம்போமா, புதிய மருந்துச் சோதனை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அப்பாவுக்கு வயது 59. நிணநீர்ப் புற்றுநோயில் (லிம்போமா) டிஎல்பிசிஎல் வகை. ஆர்-சாப் என்ற கீமோ ஆறு சைக்கிள் முடிந்ததும் பெட் ஸ்கேனில் சுத்தமாகிவிட்டது என்றார்கள். எட்டே மாதத்தில் கழுத்திலும் வயிற்றுக்குள்ளும் மறுபடி நெறி கட்டிவிட்டது. ஆர்-ஜிடிபி என்ற வேறு கீமோ இரண்டு சைக்கிள் போட்டும் கட்டிகள் சுருங்கவில்லை. ஸ்டெம்செல் மாற்று இப்போதைக்கு முடியாது என்கிறார்கள். புதிய கீமோ மருந்து ஒன்றின் இரண்டாம் கட்டச் சோதனையில் சேரலாம் என்று டாக்டர் 26 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு டாக்டர் தேர்ந்தெடுக்கும் வழக்கமான மருந்தாம். ஏற்கெனவே கொடுத்ததைப் போல இதயத்தைப் பாதிக்காது என்கிறார்கள். எல்லாம் இலவசம். சித்தப்பாவோ, "அண்ணனைச் சோதனை எலியாக்காதே" என்று கோபப்படுகிறார். அப்பா, "நீ சொல்றபடி செய்யலாம்மா" என்கிறார். நான் என்ன சொல்வது?
— வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் இன்றே கையெழுத்தும் போடாதீர்கள். புது மருந்து நல்லதா கெட்டதா என்பது யாருக்கும் தெரியாததால்தான் சோதனையே நடக்கிறது. அதைக் கேட்டுப் பயனில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இந்தச் சோதனையில் சேராவிட்டால் அப்பாவுக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்து, மருந்து வேலை செய்யாமல் போனால், அதன்பிறகு எந்தச் சிகிச்சைகள் மிச்சமிருக்கும்? இந்த இரண்டுக்கும் மருந்துகளின் பெயரோடு ஒரு தாளில் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நீங்கள் எடுக்கப்போகும் முடிவுக்கு அந்தத் தாள்தான் அடிப்படை.

முதலில் அப்பாவின் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம். இந்த வகை லிம்போமாவில் ஆர்-சாப் கொடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் முழுக்கக் குணமாகிறார்கள். நோய் திரும்பினால் ஆர்-ஐஸ், ஆர்-டிஹாப், ஆர்-ஜிடிபி இவற்றில் ஒன்றைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு நோயாளியின் சொந்த ஸ்டெம்செல்லை எடுத்து வைத்துக்கொண்டு அதிக டோஸ் கீமோ தருவது நெடுநாள் வழக்கம். 1995-இல் வெளியான பார்மா ஆய்வுதான் இதற்கு வழி வகுத்தது. அதில் ஸ்டெம்செல் மாற்று செய்துகொண்டவர்களில் 46 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் அது 12 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் இப்படிப் பிரித்து ஒப்பிடப்பட்டவர்கள் எல்லோரும் கீமோவுக்குக் கட்டி சுருங்கியவர்கள். அப்பாவுக்குச் சுருங்கவில்லை. அதனால்தான் டாக்டர் இப்போதைக்கு முடியாது என்கிறார்.

ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பி, இரண்டாவது கீமோவுக்கும் மசியாதவர்களின் நிலை கடினமானது. இப்படிக் கீமோவுக்கு மசியாதவர்கள், ஸ்டெம்செல் மாற்றுக்குப் பின் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள் என 636 பேரின் விவரங்களைத் திரட்டிய ஸ்காலர்-1 என்ற ஆய்வு 2017-இல் வந்தது. அப்போது கையில் இருந்த மருந்துகளுக்கு 26 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. 7 சதவீதம் பேருக்குத்தான் முழுக்க மறைந்தது. பாதிப் பேர்தான் ஆறு மாதத்துக்குச் சற்று மேல் உயிரோடு இருந்தார்கள். இதைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஏனென்றால் "வழக்கமான மருந்து" என்றால் பாதுகாப்பானது, சோதனை என்றால் ஆபத்தானது என்று சித்தப்பா நினைக்கிறார். அப்பாவின் இன்றைய நிலையில் வழக்கமான கீமோவிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்து, நோய் திரும்பிய பிறகு கட்டியிலிருந்து புதிதாக பயாப்ஸி எடுத்தார்களா என்று பாருங்கள். பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. நம் ஊரில் காசநோய் நெறியும் ஸ்கேனில் அதே போலத்தான் ஒளிரும். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு உள்ளே அடங்கியிருந்த காசநோய் கிளம்புவதும் உண்டு. கீமோ போட்டும் கட்டி சுருங்கவில்லை என்னும்போது இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தே ஆக வேண்டும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி போதாது. கட்டியை முழுதாகவோ, தடித்த ஊசியால் சதைத் துண்டாகவோ எடுத்துப் பார்க்க வேண்டும். ஆர்-சாப்பில் 'ஆர்' என்று வரும் ரிட்டுக்ஸிமாப் மருந்து குறிவைக்கும் சிடி20 என்ற அடையாளம் அந்தச் செல்களில் இன்னும் இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். நோய் திரும்பும்போது சிலருக்கு அது காணாமல் போயிருக்கும்.

இனி மருந்துச் சோதனைக்கு வருகிறேன். இதயத்தை அதிகம் பாதிக்காத கீமோ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதே நோக்கத்தில் உருவான பிக்ஸான்ட்ரோன் என்ற மருந்து கடந்துவந்த பாதை, உங்கள் கையிலிருக்கும் படிவத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆர்-சாப்பில் உள்ள சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். ஒரு சைக்கிளுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். ஆறு சைக்கிளில் 300. இந்த மருந்து இதயத் தசையில் ஏற்படுத்தும் பாதிப்பு சைக்கிளுக்குச் சைக்கிள் கூடிக்கொண்டே போகும். மொத்தம் 400-ஐத் தொடும்போது சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனப்படுகிறது. 550-இல் அது சுமார் 26 சதவீதம். அதனால் ஆறு சைக்கிள் முடித்தவருக்கு மறுபடி அதைத் தர மருத்துவர்கள் தயங்குவார்கள். அதே குடும்பத்து மருந்தின் வலுவும் வேண்டும், இதயத்துக்குச் சேதமும் குறைய வேண்டும் என்று மூலக்கூறை மாற்றி அமைத்ததுதான் பிக்ஸான்ட்ரோன். இரும்போடு ஒட்டிக்கொண்டு இதயத் தசையில் நச்சை உண்டாக்கும் தன்மை இதில் குறைவு. கருநீல நிற மருந்து. ஏற்றிய பிறகு சில நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், தோலிலும் நீலம் படரலாம். 28 நாள் சைக்கிளில் 1, 8, 15-ஆம் நாட்களில் ஏற்ற வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு உடல் பரப்பு சுமார் 1.66 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 83 மில்லிகிராம். எடை குறைந்துகொண்டே போகும் நோயாளிக்கு ஒவ்வொரு சைக்கிளுக்கும் எடை பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். அப்பாவின் எடையை நீங்களும் எழுதி வையுங்கள்.

இந்த மருந்தை வைத்து நடந்த பிக்ஸ்301 என்ற மூன்றாம் கட்டச் சோதனையில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளுக்குப் பிறகும் நோய் திரும்பியவர்கள் சேர்ந்தார்கள். நோயாளிகளைச் சேர்த்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. உங்கள் அப்பாவுக்குச் சொன்னது போலவே பாதிப் பேருக்குப் பிக்ஸான்ட்ரோன், மீதிப் பேருக்கு டாக்டர் தேர்ந்தெடுத்த ஒற்றை மருந்து: வினோரெல்பின், ஆக்ஸாலிபிளாட்டின், ஜெம்சிட்டபின் போன்றவற்றில் ஒன்று. 320 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஆள் சேர்வது மந்தமாக இருந்ததால் 140 பேரோடு நிறுத்திவிட்டார்கள். சிகிச்சை முடியும்போது பிக்ஸான்ட்ரோன் பெற்ற 70 பேரில் 14 பேருக்குக் கட்டி முழுக்க மறைந்திருந்தது. மற்ற 70 பேரில் 4 பேருக்கு. நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம், பாதிப் பேரை வைத்துச் சொன்னால், 5.3 மாதம், மற்றவர்களுக்கு 2.6 மாதம். உயிர் வாழ்ந்த காலம் 10.2 மாதமும் 7.6 மாதமும். ஆனால் இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் புள்ளியியல் இருந்தது. வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்தவர்கள் பிக்ஸான்ட்ரோன் பக்கத்தில் பத்தில் நான்கு பேர். மறுபக்கம் இரண்டு பேர்.

அமெரிக்காவில் 2010-இல் கூடிய நிபுணர் குழு, இந்த ஆதாரம் போதாது என்று ஒருமனதாக வாக்களித்தது. ஐரோப்பா 2012-இல் நிபந்தனையோடு அனுமதித்தது. பிறகு ரிட்டுக்ஸிமாப்போடு சேர்த்து, ஜெம்சிட்டபினுக்கு எதிராக 312 பேரிடம் சோதித்தார்கள். நோய் வளராமல் இருந்த காலம் 7.3 மாதம், 6.3 மாதம்; பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் கிடைத்த நம்பிக்கை பெரிய சோதனையில் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. பொலாட்டுஸுமாப் என்ற மருந்தை பெண்டாமுஸ்டின், ரிட்டுக்ஸிமாப்போடு சேர்த்துக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையில் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் மொத்தமே 80 பேர். புது மருந்து சேர்ந்த 40 பேரில் 40 சதவீதத்தினருக்கு நோய் முழுக்க மறைந்தது. சேராத 40 பேரில் 17.5 சதவீதம். வாழ்நாள் 12.4 மாதம், 4.7 மாதம். 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது.

ஆகவே படிவத்தில் "முந்தைய ஆய்வுகளில் நல்ல பலன் கண்டது" என்று ஒரு வரி இருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை பேரில், எத்தனை பேருக்கு முழுக்க மறைந்தது, எத்தனை மாதம் நின்றது, எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அப்பாவின் சோதனையில் "டாக்டர் தேர்ந்தெடுக்கும் மருந்து" பட்டியலில் என்னென்ன இருக்கின்றன? அதில் இருப்பது இன்று உங்களுக்கு வெளியே கிடைக்கக்கூடிய சிறந்த சிகிச்சையைவிட மட்டமாக இருந்தால், குலுக்கலில் அந்தப் பக்கம் விழும் பாதி வாய்ப்பு அப்பாவுக்கு நஷ்டம். அப்படி விழுந்து நோய் வளர்ந்தால் புது மருந்துக்கு மாற்றுவார்களா என்பதையும் கேளுங்கள். சில சோதனைகளில் மாற்றுவார்கள், சிலவற்றில் மாட்டார்கள். இவர் கடுமையாக முடியாமல் இருக்கிறாரே, புது மருந்து கொடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சிப் பயனில்லை. குலுக்கலைக் கணினி செய்கிறது. அதில் கை வைக்க அவருக்கு அதிகாரமில்லை.

சித்தப்பாவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நோயாளிக்குச் சரியாகச் சொல்லாமலே சோதனைகள் நடந்த காலம் இந்த நாட்டில் இருந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் நடப்பில் உள்ளன. சோதனை சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண் படிவத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்கி இணையத்தில் சரிபாருங்கள். ஸ்பான்சர் (சோதனையை நடத்தும் நிறுவனம்) யார், எந்தெந்த மருத்துவமனைகள், எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்தான நகல் ஒன்று உங்களிடம் வர வேண்டும். சோதனையைக் கண்காணிக்கும் எதிக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அங்கே கேட்கலாம். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம்; விலகியதற்காக அதே மருத்துவமனையில் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கான மருத்துவச் செலவையும், பாதிப்பு நிலைத்துவிட்டாலோ உயிர் போனாலோ இழப்பீட்டையும் ஸ்பான்சர் தர வேண்டும். 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் சேரும்போது இருந்த நோயின் கடுமையையும் கொண்டு கணக்கிடுவார்கள். ஆனால் நோய் தானாக முற்றினால் அது சோதனையால் வந்த தீங்கு ஆகாது. அதற்கு இழப்பீடு இல்லை. இதைச் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தகராறுகள் பெரும்பாலும் இங்கேதான் எழுகின்றன.

"எல்லாம் இலவசம்" என்பதையும் பிரித்துப் பாருங்கள். சோதனை மருந்தும், சோதனைக்காகவே செய்யும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். ஒப்பீட்டுப் பக்கத்து மருந்து? வெள்ளணு எண்ணிக்கையை ஏற்றும் ஊசி? ரத்தம், பிளேட்லெட் ஏற்றினால்? காய்ச்சலில் ஐந்து நாள் வார்டில் படுத்தால்? திருச்சிப் பக்கத்திலிருந்து வாராவாரம் வந்துபோகும் செலவு? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மருந்து நன்றாக வேலை செய்து சோதனை முடிந்துவிட்டால் தொடர்ந்து கிடைக்குமா என்பதும் இதில் சேர்த்தி. வேறு சிகிச்சை இல்லாத நிலையில், டாக்டர் பரிந்துரைத்து எதிக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால், ஸ்பான்சர் இலவசமாகத் தொடர்ந்து தர விதியில் இடம் உண்டு.

இனி, சோதனைக்குப் பிறகு மிச்சமிருக்கும் சிகிச்சைகள். பலர் கவனிக்காமல் விட்டுவிட்டு, பின்னால் வருந்துவது இதற்காகத்தான். கார்-டி செல் சிகிச்சைக்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்துவிட்டது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 அப்பாவுக்கு வந்திருக்கும் வகை லிம்போமாவுக்கும் பொருந்தும். செலவு 40 லட்சத்தை ஒட்டி வரும், பெரிய தொகைதான். ஆனாலும் அது வேண்டாம் என்ற முடிவு, தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும். நோயாளியின் சொந்த டி-செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களை, எடுத்துத்தான் அந்தச் சிகிச்சையைத் தயாரிக்கிறார்கள். பெண்டாமுஸ்டின் போன்ற மருந்து அந்த டி-செல்களை மாதக்கணக்கில் நலிவடையச் செய்யும். ஆகவே சோதனையில் எந்தப் பக்கத்திலாவது பெண்டாமுஸ்டின் இருந்தால், கார்-டி பற்றிய பேச்சு கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் செல்களை முதலில் எடுத்து உறைய வைக்க முடியுமா என்று பார்க்க நேரம் இருக்கும். கட்டி சுருங்கினால் ஸ்டெம்செல் மாற்றுக்குச் சோதனையிலிருந்து வெளியே விடுவார்களா என்றும் கேளுங்கள். 59 வயதில் அந்த வழி இன்னும் மூடிவிடவில்லை.

சேர்வது என்று முடிவானால் முதலில் தகுதிப் பரிசோதனை. நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன், நியூட்ரோஃபில், பிளேட்லெட், பிலிருபின், கிரியாட்டினின் என எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு 50 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இந்தக் குடும்பத்து மருந்துகளில் வழக்கம். ஹெபடைடிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். எப்போதோ வந்து அடங்கிய கிருமி ரிட்டுக்ஸிமாப்பில் கிளம்பிக் கல்லீரலைச் சாய்த்துவிடும். என்டெகாவிர் மாத்திரையால் அதைத் தடுக்கலாம். முந்தைய கீமோ முடிந்து இத்தனை வாரம் ஆகியிருக்க வேண்டும் என்ற இடைவெளியும் இருக்கும். அந்த நாட்களில் கட்டி வலிக்கிறது என்று உள்ளூரில் யாராவது டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டுவிடுவார்கள். ஸ்டெராய்டு லிம்போமாவைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். ஸ்கேனின் ஆரம்ப அளவே பொய்யாகிவிடும், தகுதியும் போகலாம். சோதனைக் குழுவுக்குத் தெரியாமல் எந்த ஊசியும் வேண்டாம்.

சோதனையில் மருந்து வெற்றியா தோல்வியா என்பதைப் பெரும்பாலும் பெட் ஸ்கேன்தான் சொல்லப்போகிறது. அது கெட்டுப்போவது சின்ன விஷயங்களால்தான். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவர் டாக்டரைக் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் முழுக்க ஒளிரும். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் எலும்பு மஜ்ஜை ஒளிர்ந்து குழப்பும். முதல் ஸ்கேன் எடுத்த இயந்திரத்திலேயே அடுத்ததையும் எடுப்பது நல்லது. அறிக்கையில் டோவில் மதிப்பெண் 1 முதல் 5 வரை இருக்கும். 1, 2, 3 என்றால் நோய் அடங்கிவிட்டது. 4, 5 என்றால் கல்லீரலைவிடக் கட்டி அதிகம் ஒளிர்கிறது என்று பொருள்.

வீட்டில் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டியது பெரும்பாலும் மருந்து ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. வாராவாரம் ஏற்றும் மருந்தானால் இந்தக் காலம் இன்னும் நீளும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்பது இந்த நோயாளிக்கு ஆகாது. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். சோதனைக் குழு தரும் அட்டையை அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். பக்கத்து ஊர் மருத்துவமனையில் சேர்த்தாலும் உடனே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்யுங்கள். இப்படி வார்டில் சேர்ப்பதை டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். கசாயம், லேகியம், சித்த மருந்து எதையும் ஒளிக்காதீர்கள். கல்லீரல் எண் ஏறினால் புது மருந்தாலா கசாயத்தாலா என்று பிரித்தறிய முடியாமல் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், பழங்களில் பப்ளிமாஸ் ஆகியவையும் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் மாற்றிவிடும்.

"நீ சொல்றபடி" என்று அப்பா சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். கையெழுத்து அவருடையது. டாக்டரோடு பேசும்போது அவரையும் சித்தப்பாவையும் கூட உட்கார வையுங்கள். வாராவாரம் பயணம், மறுபடி முடி கொட்டுவது, வார்டில் படுப்பது, இதெல்லாம் அவருக்குச் சம்மதமா என்று அவர் வாயால் கேளுங்கள். இனி கீமோவே வேண்டாம், வலி இல்லாமல் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் ஒரு முடிவுதான்; அதற்கும் கதிர்வீச்சு, வலி நிவாரணம் என்று முறையான சிகிச்சை உண்டு.

தகுதிப் பரிசோதனையில் ஏதாவது ஒரு எண் இடித்து அவரைச் சேர்க்க முடியாமல் போகலாம். அது அடிக்கடி நடப்பதுதான். அப்போது, கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சு, பொலாட்டுஸுமாப் சேர்ந்த சிகிச்சை, லெனலிடோமைடு மாத்திரை, கார்-டி ஆலோசனை, வேறு ஊரில் நடக்கும் சோதனை என்று எது முதலில் என்பதை அன்றைக்கே டாக்டரிடம் முடிவு செய்துகொண்டு வாருங்கள். இந்த நோய்க்கு இரண்டு வாரம் சும்மா காத்திருக்கும் பொறுமை கிடையாது.